கேட்பதும் கேட்டதாகச் சொல்வதும்

"உங்கள் அபிப்பிராயங்களைக் கேட்டோம்" என்று அதிகாரத்திலிருப்போர் கூறும்பொழுது, அவர்கள் உண்மையிற் செய்த செயல் யாது? ஒலி செவியில் விழுந்ததைக் கேட்டல் என்பதா? மனம் அதை வாங்கிக்கொண்டதைக் கேட்டல் என்பதா? அன்றி, வாங்கிக்கொண்ட மனம், தான் முன்பு எண்ணியிருந்ததை மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்த்ததைக் கேட்டல் என்பதா? இம்மூன்றுக்கும் நம் வழக்கில் ஒரே சொல்தான் இருக்கின்றது. ஆதலின் முதலாவதை மட்டும் செய்தவர், மூன்றாவதைச் செய்தவரைப்போலப் பெயர் வாங்கிக்கொள்ளுதல் எளிதாகின்றது.

இவ்விஷயத்தையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம். அதற்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது சர்வகலாசாலை. அறிவை வளர்ப்பதற்கென்றே அமைந்த ஒரு ஸ்தாபனத்தின் தலைவர்கள், அங்குப் பணிபுரியும் ஆசிரியர், சிப்பந்திகளின் கருத்துகளையும் யோசனைகளையும் எவ்வளவு தூரம் கேட்கக் கடமைப்பட்டவர்கள்? அவ்வாறு கேட்டல் அவர்கள் காட்டும் பெருந்தன்மையா, அல்லது அவர்கள் செலுத்தித் தீரவேண்டிய கடனா?

"சர்வகலாசாலைக்கும் தோட்டத்துக் காட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று அன்பர் சிலர் வினவலாம். சம்பந்தம் உண்டு. 1949-ஆம் ஆண்டில், ஏழாம் எட்வர்டு மன்னர் மருத்துவக் கல்லூரியும் இராபிள்ஸ் கல்லூரியும் ஒன்றாக்கப்பட்டுச் சிங்கப்பூரில் மலாயாச் சர்வகலாசாலை தோன்றியது. அங்கு இந்திய இயல் பகுதி ஒன்றைத் தொடங்கவேண்டுமென்ற பிரஸ்தாபம் வந்தபொழுது, வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியாரின் ஆலோசனை கேட்கப்பட்டது. அவர் சமஸ்கிருதத்திற்கு முதலிடம் தரும்படி யோசனை கூறினார். கேட்கப்பட்டவர் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. ஆனால் கேட்கப்படாதவர் எத்தனை பேர்! இந்நாட்டு இந்தியருள் மிகப் பெரும்பாலோர் தமிழர். அவர்தம் பிள்ளைகளே அப்பகுதியில் வந்து பயிலவேண்டியவர்கள். அவர்கள் வாளா இருந்திலர். திரு. கோ. சாரங்கபாணி முதலியோர் முன்னின்று குரல் எழுப்பினர். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பட்டது. தோட்டத் தொழிலாளரும் பட்டணத்துச் சிறு கடைக்காரரும் தம்மால் இயன்ற வெள்ளியைத் தந்து, அப்பகுதியின் தமிழ் நூலகத்துக்குத் துணை செய்தனர். 1956-ஆம் ஆண்டில் தமிழையே முதன்மையாகக்கொண்டு இந்திய இயல் பகுதி தொடங்கிற்று. அது பின்னர்க் கோலாலம்பூருக்கு மாறியது. 1961-ஆம் ஆண்டில் தனிநாயக அடிகளார் அதன் தலைமையை ஏற்றார்.

இவ்வரலாற்றை நாம் நினைவூட்டுவது பழம்பெருமை பேசுவதற்காகவன்று. ஒரு சர்வகலாசாலையின் தலைமை, முதலிற் கேட்டது ஒருவரை. பின்னர்க் கேட்டது பலரை. பின்னர்க் கேட்டதனால் தலைமையின் கௌரவம் குறைந்துபோகவில்லை; அதன் முடிவே திருந்தியது. ஆகவே சர்வகலாசாலையின் தலைவர்கள் எவ்வாறு கேட்கின்றார்கள் என்பது நமக்கு அந்நியமான விஷயமன்று.

இனி, 'சர்வகலாசாலை' என்று நாம் மொழிபெயர்த்து வழங்கும் சொல்லின் மூலத்தைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'யூனிவெர்சித்தாஸ்' என்பது எல்லாக் கலைகளையும் குறித்த சொல்லன்று. தச்சர், நெசவாளர் முதலிய தொழிலாளர் கூடி அமைத்துக்கொண்ட சங்கத்தைப் போன்றதொரு கூட்டுறவையே அது குறித்தது. இத்தாலி நாட்டுப் பொலோஞாவில் மாணவர்கள் சங்கமாகக் கூடி ஆசிரியர்களை அமர்த்திக்கொண்டனர். பாரிஸ் நகரில் ஆசிரியர்களே சங்கமாகக் கூடினர். கட்டடமும் பட்டமும் பின்னர் வந்தவை. முதலில் இருந்தது மனிதர்களின் கூட்டமே. அக்கூட்டத்தின் தலைவன் எஜமானன் அல்லன், தன்னையொத்தாருள் முன்னிற்பவன். ஆதலின் சர்வகலாசாலையில் ஆசிரியர்களின் கருத்தைக் கேட்டல் என்பது, வீட்டுக்கு வந்த விருந்தினரை விசாரிக்கும் உபசாரமன்று. வீட்டுக்குரியவரையே விசாரிக்கும் முறைமையாகும்.

இம்முறைமையைச் சட்டத்தில் எழுதிவைத்துக்கொண்ட இடங்கள் இன்றும் உள்ளன. ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் ஆசிரியர் முதலியோர் அடங்கிய மகாசபை ஒன்றுண்டு. 2004-ஆம் ஆண்டில் அங்குத் துணைவேந்தராக வந்த ஜான் ஹூட் என்பார், நியூசிலாந்திலிருந்து வந்தவர். ஆளுங்குழுவில் வெளியாரின் கை ஓங்கும்படியான ஒரு திட்டத்தை முன்வைத்தார். அவரிடம் காரணங்கள் இல்லாமலில்லை. பெருஞ்செல்வத்தை நிர்வகிக்கும் ஸ்தாபனத்துக்கு வெளியார் கண்காணிப்பு நன்றென்பது அவர் கட்சி. 2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மகாசபை கூடி, 456 பேர் ஆதரிக்க 730 பேர் எதிர்க்க, அத்திட்டத்தைத் தள்ளிவிட்டது. அடுத்த மாதம் தபால் மூலம் வாக்கெடுத்தபொழுதும் 997 பேர் ஆதரித்தனர். 1,540 பேர் எதிர்த்தனர். துணைவேந்தர் அம்முடிவுக்கு இணங்கினார். ஆக்ஸ்போர்டு இடிந்து விழுந்துவிடவில்லை.

ஹார்வர்டு சர்வகலாசாலையின் கதை வேறு. அங்குத் தலைவரை அமர்த்துவதும் நீக்குவதும் ஆளுங்குழுவின் உரிமை. ஆசிரியர் வாக்குக்குச் சட்டபலம் இல்லை. 2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் பேரில் நம்பிக்கையில்லை என்று கலை, விஞ்ஞானப் பகுதி ஆசிரியர்கள் 218-க்கு 185 என்ற வாக்குக்கணக்கில் தீர்மானித்தனர். விஞ்ஞானத் துறையிற் பெண்களைப் பற்றி அவர் பேசிய பேச்சு ஒரு காரணம். பிறரை மதித்துக் கேளாது நிர்வாகம் நடத்துகிறார் என்ற மனக்குறை மற்றொரு காரணம். அத்தீர்மானம் அவரை உடனே அசைக்கவில்லை. ஆயினும் அடுத்த ஆண்டிலேயே அவர் பதவியை விட்டு விலகினார். கேளாத தலைமைக்கு அதிகாரம் மிஞ்சியிருக்கலாம். ஆனால் அதைத் தாங்கும் தோள்கள் மிஞ்சியிருப்பதில்லை.

நம் நாடுகளின் நிலைமை என்ன? மலேசியாவில் 1971-ஆம் ஆண்டின் சர்வகலாசாலைச் சட்டம், துணைவேந்தரை நியமிக்கும் பொறுப்பை அரசாங்கத்தின்பால் வைத்தது. 1996-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டபொழுது, பழைய ஆட்சிமன்றத்தின் இடத்தில் சிறிய இயக்குநர் குழு அமைந்தது. 1998-ஆம் ஆண்டில் மலாயாச் சர்வகலாசாலை கம்பெனி நிர்வாக முறையைத் தழுவியது. சிங்கப்பூர் தேசியச் சர்வகலாசாலை 2006-ஆம் ஆண்டில் அவ்வழியிற் சென்றது. இவ்வேற்பாடுகளால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. வரவுசெலவு ஒழுங்காக நடக்கின்றது. முடிவுகள் விரைவாக எடுக்கப்படுகின்றன. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மேலேயிருந்து நியமனம் பெற்ற தலைவனுடைய முகம் இயல்பாகவே மேல் நோக்கியிருக்கும். கீழே திரும்பிப் பார்ப்பதற்கு அவனுக்குச் சட்டம் துணைபுரிவதில்லை. அவனுடைய மனச்சாட்சியே துணைபுரிய வேண்டும். ஆகையால் ஆக்ஸ்போர்டில் சட்டமாக இருப்பது, நம்மிடத்தில் அறமாக இருக்கின்றது. நம் கேள்வியின் கனமும் இங்குத்தான் உள்ளது.

அண்மைக் காலத்து நிகழ்ச்சியொன்று இதைத் தெளிவாக்கும். அமெரிக்காவின் ஏல் சர்வகலாசாலையும் சிங்கப்பூர் தேசியச் சர்வகலாசாலையும் கூடி 2011-ஆம் ஆண்டில் ஏல்–என்.யு.எஸ். கல்லூரியை நிறுவின. முதல் மாணவர்கள் 2013-ஆம் ஆண்டிற் சேர்ந்தனர். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள், அக்கல்லூரி 2025-ஆம் ஆண்டோடு முடிவுறும் என்றும், மற்றொரு கல்வித் திட்டத்தோடு இணைத்துப் புதிய கல்லூரி அமைக்கப்படும் என்றும் அறிவிப்பு வந்தது. கல்லூரித் தலைவருக்கே சில வாரங்களுக்கு முன்புதான், அதுவும் முடிவாகிவிட்ட செய்தியாக, அது தெரிவிக்கப்பட்டது. ஆசிரியர்களும் மாணவர்களும் அன்றுதான் அறிந்தனர். பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பம் ஒன்றிற் கையொப்பமிட்டுத் தம் வருத்தத்தைத் தெரிவித்தனர். பின்னர், புதிய கல்லூரியை எவ்வாறு அமைக்கலாம் என்பது பற்றி அவர்களுடைய கருத்துகள் கேட்கப்பட்டன.

கல்லூரியை மூடியது சரியா, தவறா என்பதை நாம் இங்குத் தீர்க்க வரவில்லை. செலவு மிகுதி, பலருக்கும் பயன்படும் பெரிய ஏற்பாடு என்ற காரணங்களைத் தலைமை கூறிற்று. இரு சர்வகலாசாலைகளுக்கிடையே நடக்கும் பேச்சை இரகசியமாக வைக்க நேர்ந்ததென்றும் கூறிற்று. அவை அற்பக் காரணங்களல்ல. நம் கவலை வேறு. "செய்யலாமா?" என்ற கேள்வியை அடைத்துவிட்டு, "எப்படிச் செய்யலாம்?" என்ற கேள்வியை மாத்திரம் திறந்துவைத்தால், அதைக் கேட்டல் என்று சொல்லலாமா? பெண்ணுக்கு மணநாளைக் குறித்துவிட்டு, எந்த நிறத்துச் சேலை வேண்டும் என்று அவளைக் கேட்கும் தந்தையும் கேட்கத்தான் கேட்கிறார். அவள் சொல்லும் நிறத்தையே வாங்கியும் தருவார். ஆயினும் அவளுடைய சம்மதத்தைக் கேட்டதாக அவர் ஊராரிடம் சொல்வாராகில், அது பொய்யேயாகும்.

இவ்விடத்தில் மறுப்புரைப்போர் எழுவார்கள். "ஆயிரம் பேர் வேலை செய்யுமிடத்தில் ஆயிரம் வாயையும் கேட்டுக்கொண்டிருந்தால் எந்தக் காரியம் நடக்கும்?" என்பார்கள். "சிப்பந்திகள் தம் சுகத்தையும் சம்பளத்தையும் எண்ணியே பேசுவார்கள், ஸ்தாபனத்தின் முழு நன்மையைக் காண்பவன் தலைவன் ஒருவனே" என்பார்கள். இவ்விரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆசிரியர் கூட்டமும் சில வேளைகளில் நல்ல சீர்திருத்தத்தைச் சோம்பலால் எதிர்த்திருக்கின்றது. பலர் சொல்வதனாலேயே ஒன்று நியாயமாகிவிடாது.

ஆனால் மறுப்புரைப்போர் கேட்டலையும் கீழ்ப்படிதலையும் ஒன்றாக்கிக் குழப்புகின்றனர். ஊழியர் சொன்னபடியெல்லாம் செய்யவேண்டுமென்று எவரும் சொல்லவில்லை. கேட்டும் மறுக்கலாம், காரணம் கூறாமல் மறுக்கலாகாது என்பதே நம் கருத்து. காரணம் கூறவேண்டுமென்ற கட்டாயம் இருந்தால், தலைவன் அந்த யோசனையை முழுவதும் படித்தாக வேண்டும். தன் மனத்திலுள்ள காரணம் வெளிச்சத்தில் நிற்குமா என்று பார்த்தாக வேண்டும். நில்லாத காரணமாயின் அவனே மனம் மாறுவான். ஆகவே பதில் என்பது கேட்டலின் பின்னே வரும் மரியாதைச் சடங்கன்று. கேட்டல் நிகழ்ந்தது என்பதற்குரிய ஒரே சாட்சி அதுதான்.

தோட்டத்துக் கிராணியின் வேலையில் இவ்வுண்மை நமக்கு நாள்தோறும் விளங்கி வருகின்றது. காலைப் பெரட்டில் தொழிலாளி ஒருவர் ஒன்றைச் சொல்லுவார். தண்டல் அதைச் சுருக்கி நம்மிடம் சொல்லுவார். நாம் அதை இங்கிலீஷில் இன்னும் சுருக்கி எழுதுவோம். உதவி நிர்வாகி அதை ஒரு வரியாக்குவார். மேலிடத்துக்குப் போய்ச் சேரும்பொழுது, "எல்லாம் ஒழுங்காக நடைபெறுகின்றது" என்பதே எஞ்சும். இதில் எவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தம் மேலிருப்பவருக்குக் கசக்காத அளவு கொஞ்சம் கசப்பைக் குறைத்தார்கள், அவ்வளவே.

நாமறிந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில், மழைக்காலத்துக்கு முன் ஆற்றோரக் காட்டின் வாய்க்காலைத் தூர்வார வேண்டுமென்று, குலை வெட்டும் முதியவர் ஒருவர் யோசனை சொன்னார். முப்பது ஆண்டு அக்காட்டில் நடந்த கால்கள் அவருடையவை. யோசனை எழுத்தில் ஏறிற்று; பதில் வரவில்லை. அவ்வருஷம் பெரும் மழை பெய்யவுமில்லை. நஷ்டம் ஒன்றும் நேரவில்லை. ஆனால் வேறொன்று நேர்ந்தது. அம்முதியவர் அதன்பின் யோசனை சொல்வதையே நிறுத்திவிட்டார். கேட்டால், "எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க, ஐயா" என்பார். "இப்பொழுது செலவுக்குப் பணமில்லை, அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்று மேலிடத்திலிருந்து ஒரு வார்த்தை வந்திருந்தால், அவர் வாய் மூடியிராது. வாய்க்கால் தூர்ந்து கிடந்தது பெரிய நஷ்டமன்று. உண்மை வந்துகொண்டிருந்த வழி தூர்ந்ததே பெரிய நஷ்டம்.

கேளாமையின் தீமை இங்குத்தான் இருக்கின்றது. கேட்பதுபோலக் காட்டிக் கேளாதிருக்கும் தலைமை, தன் கீழுள்ளோரைப் பொய்யராக்குகின்றது. முதலில் அவர்கள் உண்மையைச் சொல்லுகின்றார்கள். அதனாற் பயனில்லை என்று கண்டபின், மௌனமாகின்றார்கள். மௌனமும் அவநம்பிக்கையாக எண்ணப்படும் என்று அஞ்சும்பொழுது, தலைவன் விரும்பியதைச் சொல்லுகின்றார்கள். பிறகு தலைவன் ஆயிரம் தாள்களிற் கருத்து வினாக்களை அச்சிட்டுக் கொடுத்தாலும், அவனுக்குத் திரும்பி வருவது அவனுடைய குரலின் எதிரொலியே. எந்த வேலையிடத்திலும் இது கேடு. சர்வகலாசாலையிலோ இது கேடுகளிற் பெருங்கேடு. ஏனெனில் மற்ற ஸ்தாபனங்கள் இரப்பரையோ எண்ணெயையோ விளைவிக்கின்றன; சர்வகலாசாலை விளைவிக்கவேண்டியது உண்மை ஒன்றையே. வகுப்பறையில் "அஞ்சாது கேள்வி கேளுங்கள்" என்று மாணவர்க்குப் போதிக்கும் ஆசிரியர், ஆலோசனைக் கூட்டத்தில் அஞ்சி வாய்மூடி இருப்பாராகில், மாணவர் அவருடைய போதனையைக் கற்பார்களா, அவருடைய மௌனத்தைக் கற்பார்களா?

மற்றொன்றையும் சொல்லித் தீரவேண்டும். ஊழியர் கருத்து என்றவுடன் பேராசிரியர்களை மட்டுமே பலர் நினைக்கின்றனர். ஆக்ஸ்போர்டின் மகாசபையைப் புகழ்ந்தோம். ஆனால் வாயில் காப்போரும் கூட்டித் துடைப்போரும் அதில் இல்லை. சர்வகலாசாலை என்பது ஆராய்ச்சி எழுதுவோரால் மாத்திரம் நடைபெறுகின்றதா? எந்த மாணவன் உணவின்றி வகுப்புக்கு வருகின்றான் என்பதைச் சிற்றுண்டிச் சாலையிற் பரிமாறும் அம்மையார் அறிவார். எந்த நூல்கள் எவரும் தொடாமற் கிடக்கின்றன என்பதை நூலகத்துச் சிப்பந்தி அறிவார். விடுதியில் எவன் அறையில் இரவெல்லாம் விளக்கு எரிகின்றது, அது படிப்பினாலா துயரத்தினாலா என்பதைக் காவற்காரர் அறிவார். இவ்வறிவு எந்த அறிக்கையிலும் இல்லை. பட்டம் பெற்றவரின் கருத்தைக் கேட்டுப் பட்டம் பெறாதவரின் கருத்தைத் தள்ளுவது, உயர்வு தாழ்வு பேசும் பழைய வழக்கம் புதிய ஆடை உடுத்தி வருவதேயன்றி வேறில்லை. பிறப்பினால் வந்த ஏற்றத் தாழ்வை மறுக்கும் நாம், சம்பளப் படியினால் வரும் இவ்வேற்றத் தாழ்வை எப்படி ஒப்புக்கொள்ள முடியும்?

கேட்பவர் கடமையைக் கூறினோம். சொல்பவர்க்கும் கடமை உண்டு. தன் பதவி உயர்வுக்காகப் பேசிவிட்டு அதை ஸ்தாபனத்தின் நன்மையென்று சாதிப்பவன், பிறர் வாயையும் சேர்த்து அடைக்கின்றான். அவனைக் கண்ட தலைவன் அடுத்து வருபவனையும் நம்பான். கூட்டத்திற் சிரித்துத் தலையசைத்துவிட்டு, வெளியே மரத்தடியில் நின்று முணுமுணுப்பவனும் அத்தகையவனே. உண்மையைச் சொல்லும் இடத்திற் சொல்லாதவனுக்கு, "எங்களை எவரும் கேட்பதில்லை" என்று சொல்லும் உரிமை பாதி போய்விடுகின்றது. பாதி என்றோமேயன்றி முழுவதும் என்று கூறவில்லை. ஏனெனில் அஞ்சியவன் குற்றத்தைவிட, அஞ்சும்படி வைத்தவன் குற்றம் பெரிது.

திருவள்ளுவர் 'கேள்வி' என்றொரு அதிகாரம் வகுத்தார். அதை இல்லறவியலிலோ துறவறவியலிலோ வைத்திலர்; பொருட்பாலில், அரசியலின்கண் வைத்தார். கேட்டல் என்பது ஆள்பவனுடைய தொழிலின் ஒரு பகுதியென்று அவர் கருதினார் என்பதற்கு இவ்வைப்புமுறையே போதும். நிதி திரட்டுதல், சட்டம் வகுத்தல் போன்று இதுவும் ஒரு வேலை. ஓய்வு நேரத்திற் செய்யும் தயவன்று.

ஆகவே, சர்வகலாசாலைத் தலைவர்கள் உண்மையிற் கேட்கின்றார்களா என்பதை அளந்தறிய நாம் மூன்று கேள்விகளைத் துணைக்கொள்வோம். முடிவு செய்வதற்கு முன்பு கேட்டார்களா, பின்பு கேட்டார்களா? ஏற்காத யோசனைக்குக் காரணம் கூறினார்களா, இல்லையா? கசப்பைச் சொன்னவன் அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அச்சமின்றி இருக்கின்றானா? இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைக்குமாயின், தலைவர் ஊழியருடைய விருப்பத்துக்கு மாறாக முடிவு செய்திருந்தாலும், அவர் கேட்டவரே. கிடையாதாயின், அவர் எத்தனை கூட்டங்கள் கூட்டியிருந்தாலும், கேட்டதாகச் சொன்னவரே.

இவ்வளவுகோலைப் பெரிய இடத்துக்கு மாத்திரம் நீட்டிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளலாகாது. நம் ஊர்ச் சங்கங்களும், தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், கோயிற் குழுக்களும், தொழிற்சங்கக் கிளைகளும் நம் கையில் இருக்கின்றன. அங்கெல்லாம் வருஷக் கூட்டத்தில், "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் நன்றியுரைக்கு எழுந்துவிடும் தலைவர்களை நாம் காண்கின்றோம். நம் பிள்ளைகள் சர்வகலாசாலைக்குப் போகுமுன் முதலிற் பார்க்கும் சபைகள் இவையே. கேட்கும் தலைமை எப்படியிருக்கும் என்பதை அவர்கள் இங்குக் கண்டிருந்தால், அங்குப் போய் அது இல்லாத இடத்தில் அதைக் கேட்டுப் பெறுவார்கள். நாளை அவர்களுள் ஒருவர் துணைவேந்தராக அமர்ந்தால், பதில் கூறும் வழக்கத்தையும் தம்மோடு கொண்டு செல்வார்.